இரண்டரைச் சுற்று

வருகிறது, வருகிறது என்றுதான் பிரமநாயகம் நினைத்தார். எதிர்ச்சுற்றாக முதல் சுற்று கொஞ்சம் முரண்டு பிடித்தது, இரண்டாவது சுற்று சொன்ன பேச்சைக் கேட்டது, மூன்றாவதில் பாதி போவதற்குள் விரல்களுக்குள் இருந்த லென்ஸ் ஒரு பக்கமாக லேசாகத் தலை சாய்த்தது. தலை சாய்க்கிற வேலையை ஒரு லென்ஸ் செய்யக் கூடாது. முப்பத்தோரு வருஷமாக நுண்ணோக்கிகளைக் கழற்றி மாட்டுகிற கைக்கு அந்தச் சாய்வு என்ன என்பது மூளைக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவர் கழற்ற நினைத்தது, லென்ஸுக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவில் போட்டிருந்த வளையத்தை. வளையம் மேலே, நுண்ணோக்கியின் சுழல்தலையில், கல்லுப்போல உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து லென்ஸ்தான் இவ்வளவு நேரமும் கழன்று வந்துகொண்டிருந்திருக்கிறது. வளையத்துக்குள் லென்ஸ் ஏறுவது மொத்தமே மூன்று சுற்று. இரண்டரை கழற்றியாகிவிட்டது. இப்போது அது கடைசி அரைச் சுற்று மரையில் தொங்குகிறதா, இல்லை அதையும் விட்டுவிட்டு அவருடைய வலது கை விரல்களில் மட்டும் நிற்கிறதா, தெரியவில்லை. குனிந்து பார்க்கலாமென்றால் தலை நுழைய இடமில்லை. இடது கையால் தடவிப் பார்க்கலாமென்றால் இடது கை கீழே இருக்கிறது, மாதிரி வைத்திருக்கும் மேடைக்கு அடியில், உள்ளங்கையை விரித்து மேடையைத் தாங்கிக்கொண்டு. மேடையைப் பிடித்திருக்கும் திருகை அவர்தான் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தளர்த்தினார். ஒரு விரல் அகலம் இறக்கி, திரும்ப முறுக்கிவிட்டு, அப்புறம் இரண்டு கையாலும் லென்ஸைத் தொட்டிருக்க வேண்டும். அதற்குள் வலது கை தானாக மேலே போய்விட்டது, சும்மா ஒரு திருப்புத் திருப்பிப் பார்ப்போமே என்று. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. சாப்பாட்டு நேரம், கட்டிடத்தில் ஆள் இருக்காது.

ஆக, இடது கையை எடுத்தால் மேடை சரியும், வலது கையை எடுத்தால் லென்ஸ் விழும், மேடையின் திருகு இருப்பது நுண்ணோக்கிக்குப் பின்னால் வலப்பக்கம். மூன்றாவதாக ஒரு கை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். சிரிப்பு வந்தது, சிரித்தால் மார்பு குலுங்கும் என்று அடக்கிக்கொண்டார். இந்த லென்ஸ் இந்த நுண்ணோக்கிக்காகச் செய்யப்பட்டதே இல்லை. பக்கவாட்டிலிருந்து தகடுபோல ஒளி பாய்ச்சுகிற ஒரு பெரிய கருவி பெங்களூரில் இருக்கிறது, அதற்குள் படுத்தவாக்கில் திரவத்துக்குள் முக்கி வைக்கிறதுக்கென்று செய்த லென்ஸ். நம்முடைய லென்ஸெல்லாம் சுண்டுவிரல் நீளம். இது முழங்கையிலிருந்து பாதி தூரம் வரும்போல இருக்கிறது, கனமும் ஒரு அரைக்கிலோ. ஆராய்ச்சி மாணவி பெனிட்டா மச்சாது ஆறு மாதம் கடிதம் எழுதி எழுதி, மூன்று நாளைக்கு என்று கெஞ்சி வாங்கி, இரவெல்லாம் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தாள். நம்ம மெஷின்ல இத மாட்ட முடியுமா சார் என்று பெட்டியைத் திறந்து காட்டினபோது அவர் லென்ஸைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, பொருத்திருவோம் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவருக்கு மூச்சு விடுவதுமாதிரி. இந்தக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பொருத்தாதது என்ன இருக்கிறது. ரஷ்யக்காரன் லென்ஸை ஜப்பான்காரன் உடம்பில் பொருத்தியிருக்கிறார். உடைந்த நுண்ணோக்கியின் கண்ணாடியைக் கேமராவுக்குப் பொருத்தியிருக்கிறார். நீளம் ஒத்து வராதா, மேடையை இறக்கு. கழுத்து ஒத்து வராதா, நடுவில் ஒரு வளையம் போடு. வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை, இவன் பேச்சை அவனுக்குச் சொல்லுகிற துபாஷி மாதிரி ஒரு பித்தளை வளையம். அவ்வளவுதானே.

லென்ஸின் நுனி இப்போதும் கண்ணாடித் தொட்டிக்குள் முங்கியிருந்தது. தொட்டிக்குள் திரவம், திரவத்துக்குப் பட்டை வாசனை. நிஜமாகவே பிரியாணிப் பட்டை வாசனைதான், பெனிட்டா ஏதோ ரசாயனப் பெயர் சொன்னாள். அந்த வாசனையை மோந்துகொண்டு பசியோடு நிற்பது ஒரு கொடுமை. திரவத்துக்குள் ஒரு கடல்குதிரை, ஆண். வயிற்றுப் பையில் முட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிற ஆண். வலையில் செத்து ஏறியதை மீனவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வைத்துக்கொள்ளச் சர்க்காரிடம் அனுமதி வாங்கவே பெனிட்டாவுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஐந்து வாரம் திரவம் மாற்றி மாற்றி, சதையெல்லாம் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. தொட்டியைக் கையில் எடுத்தால் உள்ளே ஒன்றும் இல்லாததுபோல இருக்கும், சாய்த்தால்தான் முதுகெலும்பு ஒரு கோடாக மின்னும். பைக்குள்ளே பிறக்காத குஞ்சுகள், இந்த லென்ஸ் ஒன்றுதான் அத்தனை ஆழத்துக்குப் போய் அவற்றைப் பார்க்கும். அப்படி ஒன்று இன்னொரு தடவை கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. லென்ஸ் விழுந்தால் நேராக அதன்மேல்தான் விழும். மேடை சரிந்தால் தொட்டியோடு போகும். இரண்டும் பிரமநாயகத்தின் இரண்டு கையில் இருந்தன, நாளைச் சாயங்கால வண்டியில் லென்ஸ் பெங்களூருக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வளையத்தைக் கடைந்து கொடுத்த சவரிமுத்துவைத் திட்டினார். மனசுக்குள்தான். லேத் பட்டறை வைத்திருக்கிறானாம், மரை தட்டத் தெரியவில்லை. வளையத்தின் உள்மரை லென்ஸுக்கு, அது மில்லிமீட்டர் கணக்கு, முக்கால் மில்லிமீட்டருக்கு ஒரு மரை. வெளிமரை நுண்ணோக்கிக்கு, அது பழைய வெள்ளைக்காரன் கணக்கு, ஒரு அங்குலத்துக்கு முப்பத்தாறு மரை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. அதனால்தான் ஆபத்து. பெரிய வித்தியாசம் இருந்தால் முதல் மரையிலேயே ஏறமாட்டேன் என்று சொல்லிவிடும். இது முதல் சுற்று வெண்ணெயாக ஏறும், இரண்டாவது சுற்றும் ஏறும், இரண்டரையில் பிடித்துக்கொள்ளும். பிடித்தபோது அவர் என்ன நினைத்தார், இறுக்கமாக உட்காருகிறது, நல்ல வேலை என்று நினைத்தார். நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினார். கண்ணாடியில் பார்த்தால் படம் ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் கலங்கல். அப்போதுதான் வளையம் முழுசாக உட்காரவில்லை என்று தெரிந்தது, கழற்றி மரையைத் தேய்க்கலாம் என்று இந்தக் காரியத்தில் இறங்கினார். சவரிமுத்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே பல்சக்கரத்தைப் போட்டு மில்லிமீட்டரிலேயே வெட்டியிருக்கிறான், வேறொன்றும் இல்லை. சக்கரத்தை மாற்றச் சோம்பல். இல்லை, சவரிமுத்து சோம்பேறி இல்லை. போனில் அவன் கேட்டான். அண்ணாச்சி, ரெண்டு மரையும் ஒண்ணுதானா, வேற வேறயா, நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போனா நல்லாருக்குமே. வேற வேறதான், எழுதிக்கோ என்று இவர் எண்களை வாசித்தார், பட்டறை இரைச்சலில் அவன் காதில் பாதிதான் விழுந்திருக்கும். எத்தனை வளையம் அவனிடம் செய்திருக்கிறார், ஒன்றுக்காவது போகாமல் இருந்தது உண்டா. லேத்துக்குப் பக்கத்தில் நின்று, சுருள் சுருளாகப் பித்தளை உதிர்வதைப் பார்த்து, சூடு ஆறுவதற்குள் மரை அளவியை வைத்துப் பார்த்து, அப்புறம்தான் டீ. இந்தத் தடவை போகவில்லை. வெயில் என்று சொல்லிக்கொண்டார். வெயில் எந்த வருஷம் இல்லை.

போகாததற்குக் காரணம் அவருக்குத் தெரியும், அந்தக் காரணத்தின் பக்கத்தில் போகும்போதெல்லாம் மனசு வேறு தெருவில் திரும்பிவிடும். இப்போது திரும்பத் தெருவில்லை, நிற்கிற இடத்திலேயே நிற்க வேண்டும். பட்டறையில் சும்மா நிற்க வேண்டும், அதுதான் காரணம். அரை மணி நேரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும், லேத்காரன் யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பான். இந்த வலது கை, இப்போது லென்ஸைப் பிடித்துக்கொண்டு சிலைமாதிரி இருக்கிறதே, இது சும்மா இருந்தால் ஆடும். வேலை செய்யும்போது ஆடாது. எதையாவது பிடித்திருக்கும்போது ஆடாது. மடியில் வைத்தால், மேசைமேல் வைத்தால், தொங்கவிட்டால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுகிறதுபோல உருட்டிக்கொண்டே இருக்கும். எட்டு மாதமாகிறது. முதலில் பேப்பர் படிக்கும்போது ஓரம் படபடத்தது, மின்விசிறி என்று நினைத்தார், விசிறி ஓடவில்லை. அப்புறம் சிவன் கோயிலில் விபூதி வாங்கக் கையை நீட்டினார், போட்ட விபூதி உதிர்ந்து போய்விட்டது, குருக்கள் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவை போட்டார். அதிலிருந்து கோயிலுக்கும் போவதில்லை. உலகம்மாள், அவர் மனைவி, தாளம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதென்ன புதுசா பாட்டெல்லாம் என்று சிரித்தாள். திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் டோக்கன் வாங்கினார், பதினேழு. பதினான்கு கூப்பிடும்போது எழுந்து வந்துவிட்டார். பதினான்காம் எண் ஆளைத் தாங்கிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே போனார்கள், அந்த ஆளுடைய காலணி தரையைத் தேய்த்துக்கொண்டே போன சத்தம். பஸ்ஸில் வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார், உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அதிலிருந்து கை காலியாக இருக்க விடுவதில்லை. ஸ்க்ரூடிரைவர், துடைக்கிற துணி, டம்ளர், சாவிக்கொத்து. மீட்டிங்கில் பேனா. எவனோ ஒருத்தன் பின்னால் பேசியது காதில் விழுந்தது, பிரமநாயகம் சார் சாகும்போதும் கையில ஸ்பானரோடதான் சாவார். பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தலைமுடி அளவு அசைந்தாலே படம் கலங்கிப்போகிற இடத்தில், கை ஆடுகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள். வெளியே தெரிந்த அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ரொம்ப மரியாதையாக, நீங்க உட்காருங்க சார், நாங்க பாத்துக்கிடுதோம் என்பார்கள். அந்த நாற்காலியை அவர் பார்த்திருக்கிறார். ஜன்னலோரம், சீல் வைக்கிற மேசைக்குப் பக்கத்தில். மேற்கு வெயில் அடிக்கும்.

முன்கையில் நரம்பு ஒன்று இழுத்தது. மணி ஒன்று இருபத்தெட்டு. மெதுவாகச் சுண்டுவிரலைத் தளர்த்திப் பார்த்தார். லென்ஸ் நின்றது. அது மரையில் நிற்கிறதா, மற்ற நாலு விரலில் நிற்கிறதா. மோதிரவிரலைத் தளர்த்தலாமா. தளர்த்தினார், பாதி. நின்றது. அதிலும் ஒன்றும் தெரியவில்லை, மிச்சம் இருக்கிற விரல்கள் பாரத்தை வாங்கிக்கொள்ளுமே. கடைசி விரலைத் தளர்த்தினால்தான் தெரியும், தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். திரும்ப உள்ளே சுற்றிவிடலாமா என்றால், சாய்ந்திருக்கிற லென்ஸ் கோணலாக மரையைப் பிடித்துக்கொண்டால் அரைத்துவிடும், பெங்களூர்க்காரன் பொருள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உலகம்மாள்தான், இந்த நேரத்துக்கு அவள்தான். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தீகளா, சுண்டவத்தல் குழம்பு வச்சிருக்கேன், தயிர் தனியா இருக்கு என்று சொல்லத்தான். அவள் குரல் பைக்குள் அடைபட்டு நெஞ்சைக் கிள்ளுவதுபோல அதிர்ந்துகொண்டே இருந்தது, அந்த அதிர்வு கைக்குப் போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்தார். நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுக்கிற வரைக்கும் அடிக்கிற பழக்கம் அவளுக்கு. ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள், ஏதோ ஆகித்தான் இருக்கிறது உலகு, கையில் இருப்பதை வைக்க இடமில்லை. அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுவாள், அழுதுவிட்டு மறுநாளே ஊர்க் கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொள்வாள். மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி நின்றுகொண்டு விழவா வேண்டாமா என்று இருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டலே பெனிட்டா மாதிரி, இரண்டு விரலால், அழாக்குறையாக. அறைக்கு வெளியே கதவுக்குமேல் சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வரக் கூடாது, அது பிரமநாயகத்தின் சட்டம். பொருத்துகிற நேரத்தில் கதவு திறந்தால் தூசி, காலடி அதிர்வு, பேச்சு. ஒரு தடவை டைரக்டர் விருந்தாளிகளோடு நுழைந்தார், வெளியே போங்க என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் யார் என்று பார்த்தார். அதிலிருந்து அந்த விளக்கைக் கண்டால் காக்காய்கூட ஜன்னலில் உட்காராது என்று பேச்சு. "சார், ஆயிருச்சா?" என்று கதவுக்கு வெளியேயிருந்து கேட்டாள். இதோ வந்துவிட்டாள், கடவுள் இருக்கிறார், வா, உள்ளே வா, பின்னால் இருக்கிற திருகை முறுக்கு. அவருக்குள் எல்லாம் அப்படித்தான் ஓடியது. வாய் திறந்து, "ஆகிட்டிருக்கும்மா, நீ போய்ச் சாப்பிடு" என்றது. குரல்கூட நிதானமாக இருந்தது, கொஞ்சம் அதட்டலாகவும். "சரி சார். டீ கொண்டாரட்டுமா?" "வேண்டாம்." செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் போய், படியில் இறங்கி, இல்லாமல் போனது.

ஏன் அப்படிச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. நீந்தத் தெரியாதவன் கரையில் நிற்கிறவனைப் பார்த்து, சும்மா குளிக்கத்தான் வந்தேன் என்று சொல்லுவானா. சொல்லுவான்போல. முப்பத்தோரு வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே கேட்கிற கேள்விக்கு அந்த ஒரு பதில்தான், வாய் அதைத் தானாக எடுத்துக் கொடுத்துவிட்டது. வாய்மேல் பழிபோட்டுத் தப்பிக்க முடியாது பிரமநாயகம். அவள் உள்ளே வந்தால் திருகை முறுக்குவாள், லென்ஸை வாங்கிக்கொள்வாள். வாங்கிக்கொண்டால் கை காலியாகும். அரை மணி நேரம் இறுக்கிப் பிடித்த கை காலியானால் என்ன ஆட்டம் ஆடும் என்று உனக்குத்தான் தெரியும். அதற்குப் பயந்துகொண்டு, ஒரு பெண்பிள்ளையின் நாலு வருஷ உழைப்பை மண்ணில் போடப் பார்த்தாயே. அவள் அப்பா அந்தோனி மச்சாது கடலுக்குப் போய்த் திரும்பாத ஆள். அம்மா கருவாடு காயவைத்துப் படிக்கவைக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு கூட அவள்மேல் ஒரு எரிச்சலும் இருந்தது. அவளுக்கு எப்போதும் ஒரு பழக்கம், எதையாவது கையில் கொண்டுவந்து திணிப்பாள். பேசிக்கொண்டு நிற்கும்போதே, சார் இதக் கொஞ்சம் பிடிங்க என்று ஒரு டப்பாவைக் கொடுப்பாள். கேட்காமலே டீ டம்ளரை நீட்டுவாள், குடித்து முடித்துக் கீழே வைக்கப் போனால் லென்ஸ் துடைக்கிற தாள்கட்டை நீட்டுவாள். போன மாதம் வாய்மொழித் தேர்வுக் குழு வந்தபோது எல்லோரும் கைகட்டி நிற்கையில் இவர் கையில் மட்டும் ஒரு கோப்பு, அதையும் அவள்தான் கொடுத்தாள், சார் இது உங்ககிட்ட இருக்கட்டும் என்று. நானென்ன சுமைதாங்கியா என்று ஒரு தடவை கடிந்துகொண்டார். சிரித்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாளும் ஒரு திருகாணிப் பெட்டியைக் கொடுத்தாள்.

ஒன்று நாற்பத்தொன்று. கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது, அது இருக்கிறதா என்றே தெரியவில்லை. தெரியாத விரல் எப்படிப் பிடிக்கும். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இடது உள்ளங்கையில் மேடையின் விளிம்பு வெட்டுகிறது, தோளிலிருந்து ஒரு சூடு இறங்குகிறது. விழுந்தால் எப்படி விழும் என்று பார்த்தார், பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் சத்தமே இருக்காது. திரவத்துக்குள் முங்கியிருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும், அந்தக் கண்ணாடிப் பிள்ளைத்தாய்ச்சி அப்பனின் வயிற்றின்மேல் அரைக்கிலோ கனம் நிதானமாக உட்காரும். அப்புறம்தான் தொட்டி விரிசல்விடும் சத்தம். பட்டை வாசனை அறையெல்லாம் பரவும். பெனிட்டா வந்து பார்ப்பாள். பரவாயில்லை சார் என்று சொல்லுவாள். அதுதான் தாங்க முடியாது, அவள் அப்படித்தான் சொல்லுவாள். யாராவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டார். கூப்பிட்டுப் பார்க்கலாம், ஏய் யாராவது இருக்கீங்களா என்று ஒரு சத்தம் கொடுத்தால் கீழே காவலாளிக்குக் கேட்கும். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. குரல் எங்கேயோ நெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மேலே வரமாட்டேன் என்றது. இன்னொரு தடவை திறந்தார். அதே காற்று. ஒரு வயதான மனுஷன், ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், கரையில் போட்ட மீன் மாதிரி. கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கையில்லை.

செருப்புச் சத்தம் திரும்ப வந்தது. கதவுவரை வந்து நின்றது. தட்டவில்லை. நிற்கிறாள், மூச்சு வாங்குவது கேட்கிறது, படியேறி வந்திருக்கிறாள். போய்விடுவாள். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் போய்விடுவாள், விளக்கு எரிகிறது, சட்டம் சட்டம்தான். "பெனிட்டா" என்றார். யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

"சார்."

"உள்ள வா."

"சிவப்பு லைட் எரியுது சார்" என்றாள்.

"எரிஞ்சா எரியட்டும். என்னால முடியல. வாம்மா."

முடியல என்ற வார்த்தையை அந்த அறையில் அவர் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. கதவு திறந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். ஒரு பார்வையில் மேலே இருந்த கையையும் கீழே இருந்த கையையும் பார்த்தாள், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "எந்தத் திருகு சார்?" "பின்னால, வலப்பக்கம், கறுப்புக் குமிழ். ரொம்ப முறுக்காத, பிடிச்சா போதும்." முறுக்கினாள். இடது உள்ளங்கையிலிருந்து பாரம் போனது, போனது தெரியாமல் கை இன்னும் தாங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு கையை உள்ளே விட்டு, கண்ணாடித் தொட்டியை மேடையோடு பிடித்திருந்த கவ்விகளைத் தளர்த்தி, ஃபோகஸ் குமிழைத் திருப்பி லென்ஸின் நுனி தொட்டி விளிம்புக்கு மேலே வரும்வரை மேடையை இறக்கி, தொட்டியைக் கிடைமட்டமாகவே வெளியே நகர்த்தினாள், நுனி உரசாமல். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கே தோன்றாத வழி. கடல்குதிரை மேசைக்கு வந்துவிட்டது, திரவத்துக்குள் ஒரு கோடு ஒரு தடவை மின்னியது. திரும்பி வந்து இரண்டு உள்ளங்கையையும் குழித்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

"இப்ப விடுங்க சார்."

விட முடியவில்லை. விடச் சொன்னார், விரல்கள் கேட்கவில்லை. கட்டைவிரல் அப்படியே வளைந்து காய்ந்துபோயிருந்தது. அவள் ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். கடைசி விரல் பிரிந்ததும் லென்ஸ் எந்த மரையும் தடுக்காமல் நேராக அவள் கையில் இறங்கியது. "மரையில ஒண்ணுமே இல்ல சார்" என்றாள், மெதுவாக. "நீங்கதான் பிடிச்சிட்டிருந்திருக்கீங்க." வளையம் மேலே சுழல்தலையில் வெறும் வாயாக ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எடுக்க இன்னும் ஒரு வழியும் அவருக்குத் தெரியவில்லை, நாளைச் சாயங்காலம் வண்டி. அவள் லென்ஸின் நுனியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கத் திரும்பினாள். அப்போது அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது. மாத்திரை உருட்டுகிற ஆட்டம் இல்லை, முழங்கைவரை, மேசை விளிம்பில் மோதிரம் டக் டக்கென்று தட்டுகிற ஆட்டம். இடது கையால் அதைப் பிடித்தார், இரண்டும் சேர்ந்து ஆடின. மேசையில் எதையாவது தேடினார், ஸ்க்ரூடிரைவர் எட்டவில்லை. திரும்பிப் பார்க்காமலே பெனிட்டா பின்னால் கையை நீட்டினாள். லென்ஸின் மூடி அதில் இருந்தது. "இதக் கொஞ்சம் பிடிங்க சார்" என்றாள்.

வாங்கிக்கொண்டார். கை நின்றது. உள்ளங்கையில் அந்தச் சின்னக் கறுப்பு மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். டப்பா, டம்ளர், தாள்கட்டு, கோப்பு, திருகாணிப் பெட்டி என்று எட்டு மாதமும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தன.

"எப்பலேருந்து தெரியும்?" என்றார்.

"தீபாவளி லீவு முடிஞ்சு வந்த அன்னைக்குப் பாத்தேன் சார்." பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு. வலைய கையில குடுத்துட்டா நின்னுரும்." அப்புறம், "வளையத்தைச் சவரிமுத்து அண்ணாச்சிகிட்ட கேப்போம் சார். மெஷினையே தூக்கிட்டுப் போனாலும் சரிதான். நானும் வாறேன்" என்றாள். பொருத்திருவோம் என்ற வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போனது. பையில் போன் மறுபடி அதிர்ந்தது, உலகம்மாள். அவர் மூடியை மேசைமேல் வைத்தார். வைத்த கை உடனே ஆட ஆரம்பித்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை, அவளும் வேறு பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய லைட்ட அணைச்சிரட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம் எரியட்டும்" என்றார்.